தள்ளிவிட்டால் ஓடும் வண்டியில் கடலூர் போனோம்

1

போன வாரம் என் வீட்டுக்காரர் தன் ஓட்டுநர் உரிமத்தைத் தானாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் பிடுங்கவில்லை. கண்ணாடியை மாற்றிக்கொண்டால் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்றுதான் கண் டாக்டர் சொன்னார். "நாளைக்கி நீங்க சொல்லி நான் நிறுத்தறதா? இன்னிக்கி நானே நிறுத்திக்கறேன்" என்று அவரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அதை ஆங்கிலத்தில் பதமாகச் சொல்லி முடிப்பதற்குள் என் மகன் செல்வத்துக்கு வியர்த்துவிட்டது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு நாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில், மெல்போர்னிலிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரம். இங்கே பூமிக்கடியில் கிடப்பதும் நெய்வேலியில் கிடப்பதைப் போன்ற பழுப்பு நிலக்கரிதான். செல்வத்தை அனல்மின் நிலைய வேலைக்கு இவர்கள் எடுத்துக்கொண்டதே அவன் நெய்வேலிக்காரன் என்பதால்தான் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படியெல்லாம் கிடையாது என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்?

உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். கொடுக்க வருகிறவனுக்கும் வாங்க வருகிறவனுக்கும் ஒரே வரிசைதான் இங்கே. எங்கள் முறை வந்ததும் கணினியைப் பார்த்துக்கொண்டே, "பர்மனென்ட்டா?" என்று ஏதோ கேட்டாள். அவள் கேட்டது, உரிமத்தை நிரந்தரமாகவே விடுகிறீர்களா என்று. எனக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தால் இவருடைய நெய்வேலி வேலைதான் நினைவுக்கு வரும். "ஆமாம், பர்மனென்ட்! கல்யாணத்துக்கு முன்னாடியே பர்மனென்ட்!" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அழுத்திச் சொன்னேன். செல்வம் கூரையைப் பார்த்தான்.

அந்தப் பெண் நல்லவள். முதன்முதலில் என்ன வண்டி ஓட்டினீர்கள் என்று என் வீட்டுக்காரரிடம் பேச்சுக்குக் கேட்டாள். "நாலு மாடி உயரம் இருக்கும். ரோட்டில் போகாது, மண்ணை வெட்டும்" என்றார். அவள் சிரித்தாள். அதற்கடுத்து என்று கேட்டாள். "ஒரு மோட்டார் சைக்கிள். அதைப் பாதி நான் ஓட்டினேன். பாதி இவள் ஓட்டினாள்" என்று என்னைக் காட்டினார். செல்வம் என்னைத் திரும்பிப் பார்த்தான். அறுபது வயதை நெருங்கும் அவனுக்கே அந்தக் கதை முழுசாகத் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத சமயம். அறுபதுகளின் தொடக்கம். சுரங்கத்தில் கரி கண்ணில் பட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. டவுன்ஷிப்பில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. இந்தப் பக்கம் திருநெல்வேலிக் குடும்பம், அந்தப் பக்கம் சேலத்துக் குடும்பம். குழாயடியில் யார் குடம் முதலில் என்று சண்டை வரும். நீ யார் வீட்டு மனுஷி, எந்தத் தெரு என்ற கேள்வி வராது. கேட்க நினைத்தவர்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

என் வீட்டுக்காரர் பெயர் கலியமூர்த்தி. முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர்ச் சேரியில் பிறந்தவர். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே இன்றும் எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. சுரங்கத்துக்காக முந்திரி மரங்களை வெட்டிச் சாய்க்கும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனவர், வெட்டியபடியே மெஷின்களை வேடிக்கை பார்த்து, பயிற்சிக்கு மனுப் போட்டு, தேறி, சக்கரம் வைத்த அந்தப் பெரிய மண்வெட்டி இயந்திரத்துக்கு ஆபரேட்டர் ஆனார். பயிற்சி கொடுத்த வெள்ளைக்காரர், இவர் கையில் இயந்திரம் சத்தம் போடாமல் வேலை செய்கிறது என்று சொன்னாராம். இதை நான் இதுவரை ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். இன்னும் சொல்வேன்.

அதே இயந்திரத்தில் அவருக்கு ஹெல்பராக இருந்தவர் கோவிந்தராசு. என் வீட்டுக்காரர் ஊர்க்காரர்தான், ஆனால் ஊர்த்தெருக்காரர். நிலம் நீச்சு உள்ள குடும்பம். ஷிஃப்ட்டில் "அண்ணே, அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார், ஒரே தண்ணீர் கேனில் குடிப்பார். ஊருக்குள் போனால் யாரோ எவரோ என்று நடந்துபோவார். என் வீட்டுக்காரருக்கு அதில் கோபம் இல்லை. "அங்க அவங்க அப்பா பாக்கறாரு, அவன் இன்னா செய்வான்?" என்பார். கோபமெல்லாம் எனக்குத்தான்.

அந்த ஊரில் மெயின் ரோட்டிலிருந்து சேரிக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் நல்ல பாதை. எங்கள் சனம் அந்தத் தெருவில் சைக்கிள் மேல் உட்கார்ந்து போகக்கூடாது. தெரு தொடங்கும் இடத்தில் இறங்கிவிட வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், தெரு முடிந்ததும் ஏறிக்கொள்ளலாம். யாரும் எங்கும் எழுதி மாட்டவில்லை. எல்லார் காலுக்கும் தெரிந்திருந்தது. மீறினால் அடி விழும், அல்லது பெரிய வீட்டு முந்திரித்தோப்பில் கூலி நின்றுபோகும். என் மாமனாரும் மாமியாரும் அந்தத் தோப்புக் கூலியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களோடு வந்து இருங்கள் என்றால், "மவன் சோத்துல குந்தியிருக்கவா?" என்று மாமனார் மறுத்துவிடுவார்.

நான் நெல்லிக்குப்பத்துக்காரி. என் அப்பா சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கியவர். எங்கள் பக்கத்திலும் எல்லாம் உண்டு, ஆனால் ஆலைச் சாலையில் யாரும் யாரையும் வண்டியிலிருந்து இறங்கச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் அந்த ஊர்த்தெருவில் நான் செருப்பில்லாமல்தான் போயிருந்தேன், அப்போது என்னிடம் செருப்பே கிடையாது என்பதால் ஒன்றும் தெரியவில்லை.

3

ராணுவத்தில் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து அவர் வாங்கிவந்தார். பச்சை வண்டி. பிளாக்கே வந்து பார்த்தது. திருநெல்வேலி அக்கா ஆரத்தி எடுத்தாள்.

பங்குனி மாதம். சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், "கெளம்பு புள்ள, கடலூரு போவலாம். சமுத்திரம் பாத்துட்டு, பிரியாணி சாப்புட்டு, நெல்லிக்குப்பத்துல உங்கக்கா வூட்ல தங்கிட்டு நாளைக்கி வரலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வார விடுமுறை. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் என்று ஒரு நாள் வாய்த்தது அதுதான் முதல் தடவை. நான் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டேன். பஜாரில் புதிதாக வாங்கிய செருப்பைப் போட்டுக்கொண்டேன். போகிற வழியில் வண்டியை அப்பா அம்மாவிடம் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றார். சரி என்று பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தேன்.

ஊர் வந்ததும் தெருவுக்குத் திரும்பாமல் தோப்புக்குள் விட்டார். முந்திரித்தோப்பு மணலில் மாட்டுவண்டியே திணறும். கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஒருபக்கம், நான் ஒருபக்கம், அவர் ஒருபக்கம். யாருக்கும் பெரிய காயம் இல்லை. என் பட்டுச் சேலையில் முந்திரிப்பழத்துக் கறை. அது சாகும்வரை போகாது, போகவும் இல்லை. வண்டியில் காலால் உதைத்துக் கிளப்பும் கிக்கர் அடியோடு உடைந்துபோயிருந்தது.

"ஏங்க, அந்தத் தெருவுல நல்ல ரோடு இருக்குதே. இதுல எதுக்கு வந்தீங்க?" என்றேன். அவர் வண்டியைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். "தெருவுல போனா தள்ளிக்கினு போவணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு விஷயம் புரிந்தது. எரிச்சலும் வந்தது. தோப்பிலும் தள்ளிக்கொண்டுதான் போனோம்.

மாமியார் வண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மாமனார் தொடவில்லை, ஒரு சுற்று சுற்றிவந்தார். "எந்த வழியா வந்த?" என்று மகனைக் கேட்டார். "தோப்பு வழியாப்பா." "அதான் சரி. எப்பவும் அப்பிடியே வா" என்றார். அப்போது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். சுரங்கத்துக்குப் போகும்போது இருக்கிற முகம் இல்லை அது.

4

கிக்கர் போனால் என்ன, வண்டியைத் தள்ளிவிட்டால் கிளம்பும். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து தள்ள வேண்டும். வேகம் வந்ததும் கிளட்ச்சை விட்டால், இருமி, துப்பி, பிடித்துக்கொள்ளும். நான் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். சேரிப் பிள்ளைகள் முதல் தடவை தள்ளிவிட்டார்கள். பண்ருட்டியில் பலாப்பழம் விற்கிறவர் தள்ளினார். "பட்டுப்பொடவ கட்டிக்கினு மோட்டார் தள்ற பொம்பளைய இன்னிக்கிதாம்மா பாக்கறேன்" என்று எனக்கு இரண்டு சுளை இலவசமாகக் கொடுத்தார். நெல்லிக்குப்பம் போய்ச் சேர்வதற்குள் நான் கைதேர்ந்துவிட்டேன்.

அக்கா வீட்டில் பையை வைத்துவிட்டுக் கடலூர் போனோம். கடற்கரையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா, வா" என்று அலைக்குள் இழுத்தார். ஷிஃப்ட், ரூல்ஸ், பத்திரம், பத்திரம் என்று பேசுகிற மனிதர் அலை வந்தால் குதித்தார், போனால் துரத்தினார். சுண்டல் வாங்கித் தின்றோம். பிறகு ஒரு மிலிட்டரி ஹோட்டலில் தடுப்பு மறைத்த குடும்ப அறையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். அதுவரை நான் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. சர்வர் என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களாம்மா?" என்று கேட்டார். என்னை ஒருவர் '-ங்க' போட்டுக் கேட்டுப் பரிமாறியது அதுதான் முதல். வெட்கப்படாமல், "வையுங்கள்" என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

ஹோட்டல்காரர்கள் தள்ளிவிட, மறுபடி நெல்லிக்குப்பம். டென்ட் கொட்டகையில் இரண்டாம் ஆட்டம். மணலில் உட்கார்ந்திருந்தோம். படத்தில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள், நானும் அவளுக்குத் துணையாக அழுதுகொண்டிருந்தேன். அப்போது சர்க்கரை ஆலையில் ஷிஃப்ட் மாற்றச் சங்கு ஊதியது. என் வீட்டுக்காரர் விருட்டென்று எழுந்தார். "அஞ்சல, டிபன் பாக்ஸ் எங்க?" என்று கத்திவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி ஓட ஆரம்பித்துவிட்டார். இவர் ஒருவர் என்றால் பரவாயில்லை. கொட்டகையின் நாலு மூலையிலிருந்தும் நாலைந்து ஆட்கள் எழுந்து ஓடினார்கள். எல்லாம் நம் நெய்வேலி ஷிஃப்ட்காரர்கள், இவரைப் போலவே பெண்டாட்டி ஊருக்கு வந்தவர்கள். வாசலில் எல்லாரும் முட்டிக்கொண்டு நின்று, இது வேறு ஊர், வேறு சங்கு என்று தெளிந்து, ஒருவரையொருவர் பார்த்து அசடு வழிந்தார்கள். ஜனம் படத்தை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

படம் விட்டதும் வண்டியைத் தள்ளிக்கொண்டே அக்கா வீட்டுக்கு நடந்தோம். "சிரிக்காத புள்ள. சங்கு ஒடம்புலயே ஏறிப்போச்சி. தூக்கத்துல கேட்டாலும் காலு தானா எழுந்துக்குது" என்றார்.

எனக்கு அப்போது ஏன் அப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. "சங்கு ஊதினா எழுந்துக்கறீங்க, தெரு வந்தா எறங்கறீங்க. ரெண்டும் பழக்கந்தான?" என்றேன்.

அவர் நடையை நிறுத்திவிட்டார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "பழக்கம் இல்ல. எங்க அப்பா அம்மா சோறு" என்றார்.

"நம்ம வூட்ல சோறு இல்லியா?"

"அவுரு வரமாட்டாருன்னு ஒனக்குத் தெரியுமில்ல?"

"வராட்டி என்ன, நான் தெனம் கொண்டுபோயி குடுக்கறேன். நாலு மாடி ஒசரத்துல குந்திக்கினு மண்ண வெட்டறீங்க. நீங்க கைய ஆட்டினா அந்தத் தெருக்கார ஆளு ஓடியாந்து கிரீஸ் வெக்கறாரு. ஞாயித்துக்கெழம மட்டும் மணல்ல உருளணுமா நம்ம?"

வண்டியை மறுபடி தள்ளத் தொடங்கினார். பிறகு, "நாளைக்கி தெரு வழியா போவலாம். நான் எறங்க மாட்டேன்" என்றார். சொன்னபோது குரல் நடுங்கியது. அதை மறைக்க இருமினார். அந்த இருமலில் எனக்கு அவர்மேல் வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

5

இந்த வாரம் எங்கள் கல்யாண நாள். உரிமத்தைக் கொடுத்த வருத்தம் போகட்டும் என்று செல்வம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் காரில் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போனான். என் வீட்டுக்காரர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். சாயங்காலம் கடலைப் பார்த்த ஓர் உணவு விடுதி. பெரிய தட்டில் சின்ன மீன். இவருக்கு முள்கரண்டி பிடிக்கும் கை இல்லை. நாலு மாடி இயந்திரத்தை ஆட்டிய கை அது என்று பரிமாற வந்தவனிடம் சொல்ல நினைத்தேன். ஆங்கிலம் வருவதற்குள் அவன் போய்விட்டான்.

பேத்தி கதையைக் கேட்டாள். அவள் தமிழ் பாதி வழியில் நின்றுவிடும், மீதியைச் செல்வம் தள்ளிவிட வேண்டும். நான் இதுவரை எழுதியதைச் சொன்னேன். டென்ட் கொட்டகையில் எல்லாரும் ஓடிய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு யோசித்துவிட்டு, "பாட்டி, ஒரு தெருதானே? தாத்தா ஒரு நிமிஷம் இறங்கிப் போயிருந்தா என்ன?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள்மேல் தப்பில்லை. அவளை யாரும் எதிலிருந்தும் இறங்கச் சொன்னதில்லை. இறங்குவது என்றால் அவளுக்கு வெறும் இறங்குவதுதான். இதை நினைத்து வருத்தப்படுவதா, பெருமைப்படுவதா என்று மீன் தீரும்வரை யோசித்தேன். பெருமைதான் என்று முடிவு செய்தேன். "மிச்சத்தையும் கேள்" என்றேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா வீட்டுக்காரர் தள்ளிவிட, கிளம்பி, பண்ருட்டி தாண்டி, எங்கும் நிற்காமல் வந்தோம். நின்றால் தள்ள வேண்டுமே. ஊர் வந்தது. தோப்புப் பாதையைத் தாண்டினார். தெருவுக்குள் திருப்பினார். நான் அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் முதுகு இரும்புபோல இருந்தது.

இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆண்களெல்லாம் வாசலில். வண்டிச் சத்தத்துக்குத் தலைகள் திரும்பின. யார் என்று தெரிந்ததும் பேச்சு நின்றது. நாங்கள் கால்வாசித் தெரு போய்விட்டோம். மீதியும் போய்விட்டால் முடிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வைக்கோல் வண்டி சந்திலிருந்து குறுக்கே வந்தது. அவர் பிரேக் பிடித்தார். எங்கள் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, நின்றேவிட்டது.

சரியாகப் பெரிய வீட்டுக்கு எதிரே. பெரிய வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

எங்கள் நிலைமையைப் பாருங்கள். கிக்கர் இல்லை. கிளப்ப வேண்டுமென்றால் தள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் இறங்கித் தள்ளினால், பார்க்கிறவர்களுக்கு அது என்ன? வழக்கப்படி இறங்கிவிட்டான், தள்ளிக்கொண்டு போகிறான், அவ்வளவுதான். எந்தத் தெருவில் இறங்கமாட்டேன் என்றாரோ அங்கேயே வண்டி அவரை இறங்கச் சொன்னது.

அவர் ஒரு காலை ஊன்றியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். "நீங்க எறங்காதீங்க" என்று காதில் சொன்னேன். நான் இறங்கினேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். வைக்கோல் வண்டி நகர்ந்ததும் பின்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. புருஷன் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறான், கறைபட்ட பட்டுச் சேலையில் பெண்டாட்டி தள்ளுகிறாள். யாரோ ஒரு கிழவர், "அடப் பாவமே, எறங்கித் தள்ளேன்டா" என்றார். அவர் நல்ல எண்ணத்தில் சொன்னாரா, வேறு எண்ணத்தில் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் இறங்கவில்லை. வண்டி மெதுவாக உருண்டது. அந்தத் தெரு சேரிப் பக்கம் தாழ்வாக இறங்கும், தண்ணீர் எங்கள் பக்கமே வரட்டும் என்று போட்ட தெரு. அன்றைக்கு அந்தச் சரிவு எங்களுக்கு உதவியது. வண்டி வேகமெடுத்தது. ஆனால் பதற்றத்தில் அவர் கிளட்ச்சை விடவே இல்லை. பிடித்த பிடியாக உட்கார்ந்திருக்கிறார். நான் தள்ளிக்கொண்டே ஓடுகிறேன், மூச்சு வாங்குகிறது, பேச வரவில்லை.

ஒரு வீட்டு வாசலில் கோவிந்தராசு நின்றிருந்தார். வாயில் வேப்பங்குச்சி. பக்கத்தில் அவருடைய அப்பா. எங்களைப் பார்க்காததுபோலத்தான் முதலில் நின்றார். ஆனால் ஓர் இயந்திரம் தவறாக இயங்குவதை ஹெல்பரால் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்? வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு, சுரங்கத்தில் கத்துகிற அதே தொண்டையில் கத்தினார்: "அண்ணே! கிளட்ச்ச வுடுங்கண்ணே! வுடுங்க, வுடுங்க!"

என் வீட்டுக்காரர் விட்டார். வண்டி இருமியது, துப்பியது, பிடித்துக்கொண்டது. பச்சை வண்டி தெருவே அதிரச் சீறிக்கொண்டு போனது.

கோவிந்தராசு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அதற்குள் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. சேரிக்காரனை அண்ணே என்று, வாங்க போங்க என்று, நடுத்தெருவில், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவர் அப்பா மகனைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. ஷிஃப்ட் கோவிந்தராசு உடம்பிலும் ஏறியிருந்தது.

சந்தோஷத்தில் எனக்கு ஒன்று மறந்துவிட்டது. வண்டி பிடித்ததும் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டியவள் நான். ஏறவில்லை. வண்டி தெருக்கோடிக்குப் போய்விட்டது. மெதுவாக்கித் திருப்பினால் அணைந்துவிடும், அதனால் அவர் திரும்பி வர முடியாது. பாதித் தெரு எனக்கு மிச்சம் இருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள். காலில் புதுச் செருப்பு.

கழற்றவில்லை. பயம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஓடவில்லை, நடந்தேன். புதுச் செருப்பு என்பதால் ஒவ்வோர் அடிக்கும் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் நான் விமானம் ஏறியிருக்கிறேன், கப்பல் ஏறியிருக்கிறேன், இந்த நாட்டின் குடியுரிமை விழாவில் மேடை ஏறியிருக்கிறேன். அந்தப் பாதித் தெருவை நடந்ததுபோல எதையும் செய்ததில்லை.

தெருக்கோடியில் அவர் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "செருப்பு?" என்று கேட்டார். காலைத் தூக்கிக் காட்டினேன்.

7

இதற்கு விலை இல்லாமல் போகவில்லை. யாரும் அடிக்க வரவில்லை. அந்தத் தெருவில் பாதிப் பேர் பிள்ளைகளுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையாவது கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் பெரிய வீட்டிலிருந்து அந்த வாரம் முந்திரிக்கொட்டை பொறுக்க எல்லாரையும் கூப்பிட்டார்கள். என் மாமனாரையும் மாமியாரையும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் கூப்பிடவில்லை. கோவிந்தராசு ஒரு மாதம் வீட்டில் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஷிஃப்ட்டுக்கு வந்தார். வந்தவர், அண்ணே என்பதை மட்டும் விடவில்லை.

நான் சொன்னபடியே சோறு எடுத்துக்கொண்டு போனேன். மாமியார் வாங்கிக்கொண்டார். மாமனார் என்னோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, "அப்பா எதனா சொன்னாரா?" என்று கேட்பார். இல்லை என்பேன். பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். நான்தான் தூண்டிவிட்டேன், இரண்டு வயிற்றில் அடித்துவிட்டோமோ என்று எனக்கும் தூக்கம் போனது.

ஒரு நாள் சாயங்காலம் இருவரும் மூட்டையோடு எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார்கள். நடந்தே வந்திருந்தார்கள். மாமனார் கை கால் கழுவினார். நான் போட்ட சோற்றைத் தலைநிமிராமல் சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "நான் செஞ்சது தப்பாப்பா?" என்று கேட்டுவிட்டார்.

மாமனார் தட்டில் கை கழுவினார். எழுந்து வெளியே போனார். நாங்கள் பயந்துபோய்ப் பின்னாலேயே போனோம். வண்டி வாசலில் நின்றிருந்தது. அன்றைக்குத் தொடாமல் சுற்றிவந்தவர், இன்றைக்குத் தோள் துண்டை எடுத்து சீட்டை நன்றாகத் துடைத்தார். துடைத்துவிட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"கலியா, வா. ஊருப் பக்கம் ஒருக்கா போயிட்டு வரலாம்."

"தோப்பு வழியாவாப்பா?"

"தெரு வழியா."

என் வீட்டுக்காரர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "கிக்கர் இன்னும் மாத்தலப்பா. நடுத்தெருவுல நின்னுடும் வண்டி" என்றார்.

"நின்னா நிக்கட்டும். மருமவளும் வரட்டும், தள்ள ஆளு வேணுமில்ல?" என்றார் மாமனார். இரண்டு கையாலும் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நான் எறங்க மாட்டேன்."